இரண்டு பேர் செய்யும் பிராக்டிகல்

நாற்பத்துமூன்று வயதில் இருசப்பனுக்கு பிராக்டிகல் பரீட்சை. சிரிக்காதீர்கள். பாலிடெக்னிக்கில் மற்ற எல்லாவற்றையும் முடித்துவிட்டான். சர்க்யூட் லேப் ஒன்று மட்டும் இருபத்திரண்டு வருஷமாக அரியர். பழைய மாணவர்களுக்குச் சிறப்பு வாய்ப்பு என்று இந்த முறை அறிவித்திருந்தார்கள். தனியாக என்றால் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டான். கூடப் படித்த மாறனும் எழுதுகிறான் என்ற தெம்பில்தான் ஃபீஸ் கட்டினான்.

அந்த லேபில் எதையும் இரண்டு பேராகத்தான் செய்வார்கள். ஒருவன் பவர் சப்ளைக் குமிழைத் திருகுவான். மற்றவன் மீட்டரைப் பார்த்து உரக்கச் சொல்வான். திருகியவன் அதைத் திருப்பிச் சொல்லி எழுதிக்கொள்வான். அடுத்தடுத்த நம்பர் என்பதால் இருசப்பனும் மாறனும் ஜோடி. இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தைய பரீட்சையில் இந்த இரண்டு மேதாவிகளும் விடையை முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். மாறன் "நாலு வோல்ட்" என்று ராகம் போட, இவன் "நாலு வோல்ட்" என்று எழுத, தேர்வு நடத்த வெளியிலிருந்து வந்த எக்ஸ்டர்னல் பார்த்தால் சப்ளை சுவிட்சே போடவில்லை! ரெண்டு பேரும் ஃபெயில்.

அப்புறம் மாறன் கீழ்பென்னாத்தூரில் பம்ப் மோட்டார் கடை வைத்தான், கல்யாணம், பிள்ளைகள் என்று ஆனான். இருசப்பன் செங்கம் ரோட்டில் கிரிவலம் வருகிறவர்கள் தங்கும் கெஸ்ட் ஹவுஸ்களுக்கு ஒயரிங் வேலை பார்த்துக்கொண்டு, அதில் ஒன்றின் மாடியில் ஒற்றை அறையில் தங்கிவிட்டான். பக்கத்து அறைகளில் யார் யாரோ வருவார்கள், ஒரு மாசம் சிரிப்பார்கள், போய்விடுவார்கள். வருஷத்துக்கு ஒருமுறையாவது மாறனுக்குப் போன் போட்டு, "லேபை முடிச்சுடலாமாடா?" என்பான். "நீ எழுதறப்ப நானும் எழுதறேன்டா" என்பான் அவன். பேச ஆளில்லாமல் ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பவனுக்கு, தன்னைப் போலவே தேறாத இன்னொருத்தன் இருக்கிறான் என்பது எவ்வளவு பெரிய ஆறுதல் தெரியுமா?

பரீட்சை அன்று மணி பத்தாகப் போகிறது. மாறனைக் காணோம். போனையும் எடுக்கவில்லை. ஆபீஸ் வாசலில் தவித்துக்கொண்டு நின்றவனை ஆபீஸ் உதவியாளர் சந்திரம்மாள் பார்த்தார்.

"இன்னாங்க, உள்ள போகலையா?"

"கூட ஒருத்தர் வரணும்ங்க. மாறன்னு. எனக்கு அடுத்த நம்பரு."

லிஸ்டில் அந்த நம்பர் இல்லை. இவன் விடவில்லை. அந்தம்மா அலுத்துக்கொண்டே பழைய ரிஜிஸ்டரைத் தேடி எடுத்துப் புரட்டினார்.

"அவரு அப்பவே பாஸ் பண்ணிட்டாருங்க. சர்டிபிகேட் வாங்கிப் பதினெட்டு வருஷமாவுது. இதோ, கையெழுத்து போட்டிருக்காரு பாருங்க."

மாறனின் கையெழுத்துதான். அடப்பாவி! பதினெட்டு வருஷம் போனில் என்ன பேச்சு பேசினான்! கோபத்தைவிட, இத்தனை நாளும் தான் மட்டும்தான் தேறாமல் இருந்திருக்கிறோம் என்பதுதான் இருசப்பனை அறுத்தது.

திரும்பிப் போய்விடலாம் என்றுதான் இருந்தது. எங்கே போவது, அந்த அறைக்கா? உள்ளே போனான்.

லேபில் எல்லாம் சின்னப் பிள்ளைகள், ஜோடி ஜோடியாக. "சார், நீங்கதான் எக்ஸ்டர்னலா?" என்று ஒரு பெண் எழுந்தே நின்றுவிட்டாள். இவனுக்குக் கடைசி மேஜை. ஒரு கிலோ ஓம், ஒன்றரை கிலோ ஓம், இரண்டு ரெசிஸ்டரையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சீரிஸில் போட்டு, பத்து வோல்ட் கொடுத்து, கரெண்டும் ஒவ்வொன்றின் வோல்டேஜும் காண வேண்டும். அவசரத்தில் வோல்ட்மீட்டரையும் சீரிஸிலேயே மாட்டிவிட்டான். அது கிட்டத்தட்ட பத்து வோல்ட்டையும் தானே காட்டியது. கரெண்ட் சுத்தமாக இல்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு கழற்றி, முதல் ரெசிஸ்டரின் இரு முனையிலும் வைத்தான்.

"நாலு வோல்ட்" என்றான் உரக்க. யாரும் திருப்பிச் சொல்லவில்லை. "நாலு வோல்ட்" என்று அவனே சொல்லி எழுதிக்கொண்டான். அடுத்ததில் வைத்து, "ஆறு வோல்ட்... ஆறு வோல்ட்." முன் மேஜையில் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

எக்ஸ்டர்னல் திரௌபதி மேடம் தாளைப் பார்த்தார். "கணக்குப்படி நாலு மில்லி ஆம்பியர் வருது. நீங்க மூணு புள்ளி ஒம்போதுன்னு எழுதியிருக்கீங்க?"

"மீட்டரு அவ்ளோதாங்க மேடம் காட்டுச்சு."

"எல்லாரும் நாலுன்னே எழுதிட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் நெஜமா பாத்திருக்கீங்க. கவலைப்படாதீங்க, பாஸ்தான்."

வெளியே வந்தான். சொல்லிக்கொள்ள ஒரு ஆள் கிடையாது. ஊரே வந்து போகிற ஊரில் இவனுக்கென்று ஒருத்தர் இல்லை. டீக்கடை ஓரத்தில் நின்றபோது போன் அடித்தது. மாறன்.

"மன்னிச்சுக்கடா. கெளம்பினேன், பௌர்ணமி கிரிவலக் கூட்டம்டா, பஸ்ல ஏறவே முடியல."

பௌர்ணமி போய் ஒன்பது நாளாகியிருந்தது. இந்த ஊரில் அது தெரியாதவன் உண்டா? கேட்டுவிட வாய் வரைக்கும் வந்தது. கேட்டால் மாறன் கூனிக் குறுகுவான். அதோடு இந்த வருஷாந்தரப் போனும் நின்றுபோகும்.

"நீ எப்படிடா எழுதுன?" என்றான் மாறன்.

"ஊத்திக்கிச்சுடா" என்றான் இருசப்பன். "நீ இல்லாம ஒண்ணும் ஓடல. அடுத்த தபா ரெண்டு பேரும் சேந்து எழுதுவோம்."



"கண்டிப்பாடா" என்றான் மாறன்.