தாமல் ஏரி உறைந்த கதை

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மண்டையில் உதித்ததல்ல. கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் மஹாலட்சுமி தந்தது. பன்னிரண்டு வருடமாக என் கையெழுத்துக் கிறுக்கல்களைத் தட்டச்சு செய்பவள் அவள். அவளுடைய சித்தப்பா மகன் குமரகுரு ஏழு வயதில் பெற்றோருடன் கனடா போனவன். ஐஸ் ஹாக்கியில் தடுப்பாட்டக்காரன். பதினோரு வருடம், ஆறு அணிகளில், சம்பளத்துக்கு ஆடியிருக்கிறான். இப்போது பிள்ளையார்பாளையத்தில் அவள் வீட்டில் தங்கியிருக்கிறான்.

"அவனப் பத்தி எழுதுங்கண்ணா. அவன் கத அவனுக்கே மறந்துக்கினு வருது," என்றாள்.

நான் ஐஸைப் பார்த்ததெல்லாம் ஜூஸ் கடையிலும் மீன் மார்க்கெட்டிலும்தான். ஆனாலும் சரி என்று தலையாட்டிவிட்டேன். எனக்கு வாய் சும்மா இருக்காது.

2

தொடக்கம், முதல் முயற்சி:

"தாமல் ஏரி உறைந்த வருடம், ஆறு வயதுக் குமரகுரு அதன்மேல் முதன்முதலாகச் சறுக்கினான். கரையில் நின்ற அவன் அப்பா..."

விளையாட்டுக்கு எழுதினேன். எங்கள் ஊர்ப் பக்கத்து ஏரி அது; நம் வெயிலில் வற்றும், உறையுமா? உடனே அடித்துவிட்டேன். (பென்சிலால் அடித்தேன். அங்கேதான் தப்புச் செய்தேன்.)

இரண்டாம் முயற்சி: "குமரகுரு வாழ்நாளில் மொத்தம் நான்கு கோல்தான்..."

இதுவும் வேண்டாம். கோல் போடுவது அவன் வேலையில்லை என்று எனக்கே பிறகுதான் புரிந்தது.

3

"அடிக்க வர்றவன் கையப் பாக்கக் கூடாதுண்ணா," என்றான் குமரகுரு. "நெஞ்சப் பாக்கணும். உடம்பு போற பக்கம்தான் ஆளு போவான். நாம நடுவுல போய் நின்னுக்கணும்."

"வலிக்காதாப்பா?"

"வலிக்கும். அதுக்குத்தான சம்பளம்."

மண்டையில் இதுவரை நான்கு பெரிய அடி; ஞாபகம் நழுவுவது அதில்தான். இன்னொன்று விழுந்தால் பேச்சே போகலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். நார்வேயில் ஒரு சின்ன ஊர் அணி அவனைக் கூப்பிடுகிறது. டாக்டர் எழுதியது அவர்களுக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் போட வேண்டும். தினமும் காலையில், "அக்கா, நான் பதில் போட்டுட்டனா?" என்று கேட்கிறானாம். தினமும் அவள், "இன்னும் இல்லப்பா," என்கிறாளாம்.

4

திங்கட்கிழமை கடைக்குப் போனேன். தட்டச்சான தாள்களை அவன் படித்துக்கொண்டிருந்தான். நான் அடித்த கோடு லேசாக இருந்ததால் மஹாலட்சுமி ஏரியையும் சேர்த்துத் தட்டிவிட்டாள்.

"ஏரி விஷயம் உங்களுக்கு எப்பிடிண்ணா தெரியும்? நான் யாருக்கும் சொன்னதில்லயே," என்றான்.

தாளை வாங்கக் கை நீட்டினேன்; அவன் விடவில்லை.

"அப்பா லுங்கிய மடிச்சிக் கட்டிக்கினு கரையில நின்னாரு. 'உடஞ்சிடும், வந்துடுடா'ன்னு கத்தினாரு. நான் போய்க்கினே இருந்தேன்."

லுங்கியை நான் எழுதவில்லை. கத்தியதையும் எழுதவில்லை. அவன் அப்பா இறந்து இரண்டு வருடமாகிறது. அவன் கண் கலங்கியிருந்தது, முகம் சந்தோஷமாக இருந்தது. அது பொய்யப்பா என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. பயமாக இருந்தது.

[தட்டச்சு செய்பவர் குறிப்பு: அண்ணா, அவனுக்குத் தர்ற பிரதியில அவன் கத மட்டுந்தான்; நடுவுல நீங்க பேசறதும் இந்தப் பகுதியும் இல்ல. இனிமே வர்றதும் இல்ல. – ம.]

5

அவன் டீ குடிக்கப் போனபோது மஹாலட்சுமி சொன்னாள்: "கடைசியில, வர முடியாதுன்னு மெயில் அனுப்பிட்டான்னு எழுதிடுங்கண்ணா. படிச்சா நம்பிடுவான். வெள்ளிக்கிழம தாண்டிடும்."

"அது பொய்யாச்சேம்மா."

"ஏரி ஒறஞ்சது மட்டும் நெசமா?"

எழுதிப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

6

முடிவு அ: மறுத்து மெயில் அனுப்பிவிட்டான். பிழைத்துக்கொள்வான். ஆனால் அவன் வாழ்க்கையை அவனுக்குத் தெரியாமல் நான் எடுத்துக்கொண்டவனாவேன்.

முடிவு ஆ: சம்மதித்துவிட்டான். அடுத்த அடியை நானே எழுதிக் கொடுத்ததாகும்.

முடிவு இ: அவனே யோசித்து முடிவெடுத்தான். நியாயமானது இதுதான். நாளைக் காலை அந்த யோசனை அவனுக்கு நினைவிருக்குமா?

நடுவில் போய் நிற்பது அவன் தொழில். பழக்கமில்லாத நான் நடுவில் நின்றால் யாருக்கு அடிபடும் என்று தெரியவில்லை. இரண்டு நாளாகக் குழம்பிக்கொண்டிருக்கிறேன்.

7

இன்று வியாழன். குமரகுரு சற்றுமுன் போன் செய்தான்.

"கடைசிப் பக்கம் எப்பண்ணா தருவீங்க? நான் என்ன பண்ணேன்னு தெரிஞ்சிக்கணும்."

காலையில் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். தாளில் இவ்வளவுதான் இருக்கிறது:

"வெள்ளிக்கிழமை காலை குமரகுரு மெயிலைத் திறந்து,"

மிச்சத்தை நீங்கள் எழுதுங்கள். எதை வேண்டுமானாலும் எழுதலாம். அப்புறம் அடித்துத் திருத்திக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அடித்ததையும் அவன் படிப்பான்.