சுமையோடு தாண்டினால் பாதி

சட்டம் என்பது அவன் பெயரல்ல. டாக்டர் சீட்டு இல்லாமல் ஒரு மாத்திரை தரமாட்டேன் என்று மருந்துக்கடையில் வாரம் முழுக்க மல்லுக்கட்டுகிறவனுக்குக் கூட்டாளிகள் வைத்த பட்டப்பெயர். ஞாயிறு மதியம் டயர் கடை மாடியில் மாயக்கோட்டை ஆட்டத்தை நடத்துபவனும் அவன்தான். மந்திரவாதி, ராட்சதன், எலும்புப் படை எல்லாம் உள்ள அந்த ஆட்டம் கடையில் வாங்கியதல்ல, அவர்களே உண்டாக்கியது. யார் எத்தனை கட்டம் நகரலாம், எதைத் தாண்டலாம், எங்கிருந்து விழுந்தால் எவ்வளவு அடிபடும் என்பதையெல்லாம் ஆடிப் பார்த்துத்தான் விதியாக எழுதுவார்கள். அன்றைக்குத் தாண்டல் விதியை முடித்தே ஆகவேண்டும் என்று சட்டம் ஒற்றைக்காலில் நின்றான்.

"சுமையோட தாண்டினா தூரம் பாதி," என்றான். "எதிர்ல இருக்கிற தரைப் பிளவு நாலு கட்டம் அகலம். கோடாலி ஓடி வந்து தாண்டினா நாலு. முதுகுல ஆள் இருக்கிறதால ரெண்டு. அவ்வளவுதான் அக்கா. மந்திரக்காரனை இறக்கி வச்சிட்டுத் தாண்டுங்க."

அவன் அக்கா என்றது பள்ளி வேன் ஓட்டுபவளை. அங்கிருந்த எல்லோருக்கும் மூத்தவள். ஆட்டத்தில் அவள் கோடாலி என்ற போர்க்காரி. காலில் அடிபட்டு, கோடாலியின் முதுகில் கிடந்த மந்திரக்காரன் அவளுடைய தம்பியின் ஆள்.

தம்பி ஒயர்மேன். சட்டத்தோடு ஒரே வகுப்பில் படித்தவன், இந்த ஆட்டத்தை அவனோடு சேர்ந்து ஆரம்பித்தவன். விளம்பரப் பலகைக்கு விளக்குப் போட ஏறிய ஏணி சரிந்து விழுந்ததிலிருந்து சக்கர நாற்காலியில் இருக்கிறான். அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவை அவனை இந்த மாடிக்குத் தூக்கி வந்தார்கள். குறுகல் படியில் நாற்காலியை அப்படியும் இப்படியும் சாய்த்து, சுவரில் இடித்து, ஆளுக்கொரு யோசனை கத்தி, ஒரு வழியாக ஏற்றினார்கள். "இனிமே என்னை மூட்டை மாதிரி தூக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனவன் மறுபடி வரவில்லை. ஆட்டத்தை எங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளலாமே என்று அவள் கேட்டுப் பார்த்தாள். கோட்டைப் படம் பெரிய மேசைமேல் ஒட்டியிருக்கிறது, மேசை படியில் இறங்காது என்று சட்டம் கைவிரித்துவிட்டான். மேசை இறங்காதாம், ஆள் மட்டும் ஏறவேண்டுமாம்.

அன்று காலை, சாப்பாடு வைக்கப் போனவளிடம் தம்பி சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அவனைக் கொன்னுடுங்க. எதுக்குச் சும்மா தூக்கிட்டு அலையிற?" அவளுக்கு வந்த ஆத்திரத்தில் தட்டை ணங்கென்று வைத்துவிட்டு வந்தாள். மந்திரக்காரன் செத்தால் தம்பிக்கு இந்த ஆட்டத்தில் இடமில்லை. இந்த ஒரு பிடியும் விட்டுப்போனால் அவன் அந்த அறையைவிட்டு வெளியே வரவே போவதில்லை. அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"இறக்க மாட்டேன்," என்றாள்.

"எலும்புப் படை பின்னாலயே வருதுக்கா. ரெண்டு பேரும் செத்துடுவீங்க. அவன்தான் வர்றதே இல்லியே."

"வரலைன்னா செத்துட்டான்னு அர்த்தமா?"

சட்டம் பகடைகளை உள்ளங்கையில் வைத்துக் குலுக்கினான். டயர் கடைக்காரன் சமாதானத்துக்கு வந்தான். அவனை டயர் என்று கூப்பிடுவார்கள். கடையைப் பார்த்து வைத்ததா, இடுப்பைப் பார்த்து வைத்ததா என்பதில் இரண்டு கட்சி உண்டு. "பாதிக்குப் பதிலா முக்கால்னு போடேன்டா," என்றான்.

"முக்கால்னா மூணு கட்டம். அப்பவும் உள்ளதான் விழுவாங்க. நாலைத் தாண்டியாகணும், தாண்ட முடியாது, விஷயம் முடிஞ்சுது."

தாண்டு, தாண்டு என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்தது அப்போதுதான் அவள் காதில் உறைத்தது. தினமும் வேன் கதவருகே நின்று அவள் இரண்டு கத்தல் கத்துவாள். வண்டியிலிருந்து குதிக்காதே. நான் சொல்லாமல் ரோட்டைத் தாண்டாதே. இரண்டும் ஒன்று என்று நினைக்கும் பிள்ளை இதுவரை அவள் வண்டியில் ஏறியதில்லை.

"நான் தாண்டப் போறதில்ல," என்றாள். "குதிக்கப் போறேன்."

"எங்க?"

"கீழ."

"பிளவுக்குள்ளயா? அஞ்சு ஆள் ஆழம். அஞ்சு பகடை அடி. உங்ககிட்ட இருக்கிறதே பன்னெண்டு உயிர்."

"அது விழுறவளுக்கு. நான் விழல, குதிக்கிறேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"ஒண்ணு இல்லடா," என்றான் டயர். "போன மாசம் நான் கோட்டைச் சுவர்லேருந்து குதிச்சப்போ நீதான சொன்ன? தவறி விழுறவனுக்கு முழு அடி, தானா குதிக்கிறவனுக்குப் பாதின்னு."

"அப்ப சுமை இல்ல."

"சுமையோட குதிச்சா என்னன்னு விதி இருக்கா?" என்று கேட்டாள் அவள்.

சட்டம் தாள்களைப் புரட்டினான். நடைக்குச் சுமை விதி இருந்தது, தாண்டலுக்கு இருந்தது, நீச்சலுக்குக்கூட இருந்தது. குதிப்பதற்கு இல்லை. முதுகில் ஆளை வைத்துக்கொண்டு ஒருத்தி வேண்டுமென்றே பள்ளத்தில் இறங்குவாள் என்று அவன் கனவிலும் நினைக்கவில்லை. ஆனால் எழுதாத விதியை ஆட்டத்தின் நடுவில் நுழைப்பவன் அல்ல அவன். பிடிவாதக்காரன்தான், அழுகுணி ஆட்டம் ஆடமாட்டான்.

"உருட்டுங்க," என்றான்.

அவள் உருட்டினாள். ஐந்து பகடைகளும் கோட்டைமேல் உருண்டு ஓடி நின்றன. இருபத்திரண்டு. பாதி பதினொன்று. உயிர் ஒன்று மிச்சம். டயர் மேசையை ஓங்கித் தட்டினான். அடி முழுவதும் கோடாலிக்கு, முதுகில் இருந்தவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

"சரி, கீழ என்ன இருக்கு?" என்றாள்.

சட்டம் படத்தைக் குனிந்து பார்த்தான். பிளவு வெறும் கறுப்புப் பட்டையாக இருந்தது. "தெரியலக்கா. மேல இருக்கிறதைத்தான் நான் யோசிச்சேன். அடியில இருக்கிறதெல்லாம் உங்க தம்பி பொறுப்பு. அவனைத்தான் கேக்கணும்."

"அப்ப வா, கேக்கலாம். இனிமே மேசை எதுக்கு? நாங்க இருக்கிற இடம் அதுல இல்ல."

மறுப்பதற்குச் சட்டத்திடம் விதி எதுவும் இல்லை. பகடையையும் தாள்களையும் பையில் போட்டுக்கொண்டு அவள் பின்னால் இறங்கினான், டயரும் கூடவே வந்தான்.

வீட்டில் தம்பி காலையில் பார்த்த அதே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். தட்டு அப்படியே இருந்தது.

"கொன்னாச்சா?" என்றான், திரும்பாமல்.

"குதிச்சுட்டோம்."

"யாரு?"

"நாம ரெண்டு பேரும். பிளவுக்குள்ள."

நாற்காலி வெடுக்கென்று திரும்பியது. "உனக்கென்ன பைத்தியமா? விட்டுட்டுப் போன்னு சொன்னேன் இல்ல?"

"சொன்ன. நான் கேக்கல. கேக்கவும் மாட்டேன்." அவளுக்குக் குரல் உடைந்தது. அதை மறைக்க அவள் முயலவில்லை. "அவன் சாகணும்னா நீயே ஆடிச் சாகடி. உனக்காக நான் அதைச் செய்ய மாட்டேன்."

டயர் கதவோரமாக ஒதுங்கி நின்றான். தம்பி அவளைப் பார்த்தான், சட்டத்தைப் பார்த்தான், பிறகு சட்டத்தின் பையிலிருந்த தாள்களைப் பிடுங்கிப் படித்தான். படிக்கப் படிக்க முகம் சிவந்தது.

"கால்ல அடிபட்டவனுக்கு நகர்வு பூஜ்யம்னு எவன்டா எழுதினான்?"

"கால் இல்லாம எப்படிடா..." என்று ஆரம்பித்த சட்டம் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"அடிச்சிட்டு எழுது. மந்திரக்காரன் சக்கரத்துல போறான். சமதரையில ஆறு கட்டம். மேட்டுல மூணு. சரிவுல பன்னெண்டு. கோடாலி தலைகீழா நின்னாலும் அவனைப் பிடிக்க முடியாது."

"பாக்கலாம்," என்றாள் அக்கா.

சட்டம் தாளைச் சுவரில் வைத்து எழுதினான். எழுதி முடித்தவனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "படியில?" என்று கேட்டுவிட்டான். அக்காவுக்கு அவன் கழுத்தை நெரித்துவிடலாம் போலிருந்தது.

தம்பி கோபப்படவில்லை. கொஞ்சம் யோசித்தான்.

"படியில பூஜ்யம்," என்றான். "ஆனா அபராதம் மந்திரக்காரனுக்கு இல்ல. வெறும் படியை மட்டும் வச்சுக் கட்டினவனுக்கு."

"எவ்வளவு?"

"உருட்டினாத்தான் தெரியும்," என்று தம்பி கையை நீட்டினான். "பகடையைக் கொடு."