கிராணியார் ரஷ்யாவுக்காக அழுதது

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்பதாம் ஆண்டு. மலாயாவின் ஈப்போ நகரில், சிலிபின் பக்கம் யாழ்ப்பாணத்து உத்தியோகத்தர்கள் கூடும் சபையில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விவாதம். ரஷ்யா கண்ணை மூடித் திறப்பதற்குள் இத்தனை ஆலைகளைக் கட்டி எழுப்புகிறதே, அதற்குக் காரணம் திட்டமா, பலவந்தமா? நாலு பேர் தேத்தண்ணி குடிக்கக் கூடினால் ஐந்தாண்டுத் திட்டத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த காலம் அது.

பலவந்தம்தான் என்று பேச வந்தவர் துரைசிங்கம். சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் பெரிய கிராணி, அதாவது ஆபீசின் தலைமை எழுத்தர். அவர் மனைவி புனிதவதி பெண்கள் வரிசையில் வயிறெரிந்துபோய் உட்கார்ந்திருந்தாள். ரஷ்யாமேல் அவளுக்கு ஒரு கோபமும் இல்லை. கோபமெல்லாம் நல்லம்மாளின் மாட்டை நினைத்துத்தான்.

நல்லம்மாள் அதே தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கிறவள். புருஷன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபின், கூலி போதாமல், ஒரே ஒரு பசுவின் பாலை விற்றுத்தான் பிள்ளைகளின் வயிற்றை நிரப்பிவந்தாள். தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரைக்கு லண்டனிலிருந்து உத்தரவு வந்தது: மழைக்கு முன்னால் மேய்ச்சல் நிலத்தை அழித்துப் புது ரப்பர்க் கன்று நட வேண்டும். லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் கூலி ஆட்கள் இனி மாடு வைத்திருக்கக் கூடாது. திங்கட்கிழமை லாரி வரும், எல்லா மாடும் ஏறியாக வேண்டும். உத்தியோகத்தர் வீட்டு மாடுகளுக்கு மட்டும் தடை இல்லையாம், அவர்களுக்கு வேலி போட்ட கொல்லை இருக்கிறதாம். நல்ல நியாயம்!

"அம்மா, நீங்க ஐயாகிட்ட ஒரு வார்த்த சொன்னாப் போதும்மா," என்று நல்லம்மாள் கெஞ்சினாள். புனிதவதியும் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். போய்ச் சொன்னால், "துரையின்ர உத்தரவு, நான் என்ன செய்யிறது?" என்று பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார் அந்த மகாராசன்.

சபையில் முதலில் எழுந்தவர் பூபாலசிங்கம். ரயில்வேப் பட்டறையில் இயந்திரப் படம் வரைகிறவர்.

"இரும்பும் நிலக்கரியும் அந்த நாட்டில முந்தியும் கிடந்ததுதானே? அவனவன் தன்ர லாபத்துக்கு இழுத்தான், ஒண்டும் சரிவரேல்லை. இப்ப எது முதல், எது பிறகு எண்டு ஒரே இடத்தில தீர்மானிக்கினம். லாபம் ஆரின்ர பொக்கற்றுக்குள்ளயும் போகாமல் திரும்ப இயந்திரமாகுது. அமெரிக்க என்ஜினியர்மாரையும் கூப்பிட்டு வச்சிருக்கினம். வேகம் வராமல் என்ன செய்யும்?"

கைதட்டினார்கள். துரைசிங்கம் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார்.

"ஆலையில நிக்கிறவனுக்குச் சோறு எங்கால வருது? குடியானவன்ர களஞ்சியத்திலயிருந்து பறிச்சல்லோ போடுகினம்! திட்டம் கடதாசியில கிடக்கு. வேகம் அந்த ஏழையின்ர வயித்திலயிருந்து வருது."

பேச்சில் நியாயம் இருந்தது. புனிதவதிகூட ஒரு கணம் தலையாட்டிவிட்டாள். அதோடு நிறுத்தினாரா மனிதர்? குரலைத் தாழ்த்தினார்.

"அங்க ஒரு மனுசி. புருசனில்லாதவள். இருக்கிற ஒரு மாட்டையும் பிடிக்க ஆக்கள் வந்திட்டினம். அவள் தன்ர சால்வையின்ர ஒரு தலைப்பை மாட்டின்ர கழுத்தில முடிஞ்சு, மற்றத் தலைப்பைத் தன்ர இடுப்பில கட்டி, 'என்னையும் சேத்துக் கொண்டுபோங்கோ' எண்டு நிலத்தில விழுந்தாள்."

சபையே உச்சுக் கொட்டியது. சிலர் கண்ணைத் துடைத்தார்கள். பேசியவரும் கைக்குட்டையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

புனிதவதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சால்வையாம், சால்வை! வெள்ளிக்கிழமை லாரிக்காக மாடுகளைக் கணக்கெடுத்தபோது, தோட்டத்து ஆபீஸ் வாசலில் முந்தானையை மாட்டின் கழுத்தில் முடிந்துகொண்டு நல்லம்மாள் விழுந்து கதறியதை, அவள் தன் வீட்டு வாசலில் நின்று பார்த்தாள். காவல்காரனை விட்டு அந்த முடிச்சை அவிழ்க்கச் சொன்னவர் இதே துரைசிங்கம். நல்லம்மாளின் அழுகையைத் திருடி ரஷ்யாவுக்கு அனுப்பிவிட்டு, இங்கே நின்று கைதட்டல் வாங்குகிறார்! இதுவும் ஒரு பிழைப்பா?

பேச்சு முடிந்ததும் யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம் என்பது அந்தச் சபை வழக்கம். பெண்கள் யாரும் அதுவரை கேட்டதில்லை. புனிதவதி எழுந்தாள்.

"அந்த மனுசிக்கு என்ன பேர்?"

துரைசிங்கம் விழித்தார். "அது... ரஷ்யாவில நடந்தது. பேர் தெரியாது."

"எனக்குத் தெரியும். நல்லம்மாள். எங்கட தோட்டத்தில, வெள்ளிக்கிழமை நடந்தது. முடிச்சை அவிழ்க்கச் சொன்னது ஆர் எண்டும் சொல்லட்டோ?"

தலைவர் கார்த்திகேசு பதறிப்போய் மேசை மணியைத் தட்டினார். "தங்கச்சி, இருங்கோ. நாங்கள் இஞ்ச ரஷ்யாவைப் பற்றியல்லோ கதைக்கிறம்?"

பூபாலசிங்கம் ஒருவர்தான் தலையைக் குனிந்துகொண்டார். மற்றவர்கள் ஒன்றுமே நடக்காததுபோல் கையைத் தூக்கி வாக்களித்தார்கள். பலவந்தம் வென்றது. துரைசிங்கத்துக்கு மாலைகூடப் போட்டார்கள், தெரியுமா!

ரயிலில் அவர், "சபை நடுவில என்ர மானத்தை வாங்கிப்போட்டாய்," என்று ஒரு தரம் உறுமினார். தோட்டத்துக்கு வந்து சேர்ந்தபோது வெளிச்சம் மிச்சமிருந்தது. அவர் வீட்டுக்குப் போனார், அவள் விறுவிறுவென்று லயத்துக்கு நடந்தாள். நல்லம்மாள் ஓடி வந்தாள்.

"அம்மா, ஐயா பேசினாங்களாம்மா?"

"பேசினவர். நல்லாப் பேசினவர். நீ மாட்டை அவிழ்."

"ஐயோ, லாரி நாளைக்குத்தானம்மா வருது!"

"லாரிக்கில்லையடி. எங்கட கொல்லைக்கு. மாடும் உன்ர, பாலும் உன்ர. வேலி மட்டும் எங்கட."

நல்லம்மாள் நம்பாமல் அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு கயிற்றை அவிழ்த்தாள். இரண்டு பேருமாக மாட்டை ஓட்டி வந்து கிராணி வீட்டுக் கொல்லையில் கட்டினார்கள். சத்தம் கேட்டு ஓடிவந்த துரைசிங்கம் தலையில் கையை வைத்தார்.

"உனக்கென்ன விசரே? விடியத் துரை வந்து இது ஆரின்ர மாடு எண்டு கேட்டா நான் என்ன சொல்லுறது?"

"நல்லம்மாளின்ர மாடு எண்டு சொல்லுங்கோ," என்றாள் புனிதவதி. "பேரைச் சொல்லிப்போட்டு, சபையில அழுதியளே, அதே அழுகையைத் துரைக்கு முன்னால அழுது காட்டுங்கோ பாப்பம்."