பழகாத பூட்ஸ்

டெல் ரஸ்கியரின் பழைய பூட்ஸ் ஜூலை மாதத்தில் ஒரு சாம்பல் சரிவில் உயிரை விட்டது. மேலே தீ அடங்கியிருந்தது. மண்ணுக்கடியில் வேர்கள் இன்னும் கனன்றுகொண்டிருந்தன. அந்தச் சூட்டில் பசை இளகி, வலது காலின் அடித்தோல் நாய் நாக்கு மாதிரித் தொங்கியது. பல தடவை அடி மாற்றித் தைத்த பூட்ஸ். டெல் அதைக் கம்பியால் சுற்றிக் கட்டி அன்றைய வேலையை முடித்தார். ஊர் திரும்பியதும் குப்பைத்தொட்டியில் போட்டார்.

அமெரிக்காவின் ஐடஹோ மலைகளில் காட்டுத் தீ அணைக்கும் குழு ஒன்றுக்கு அவர்தான் தலைவர். அந்த மலைகளில் முக்கால்வாசி இடங்களுக்கு வண்டி போகாது. மூட்டையைச் சுமந்துகொண்டு நடந்தே ஏறி, தீக்கு முன்னால் போய், புல், புதர், வேர் எல்லாவற்றையும் வெட்டிச் சுரண்டி, வெறும் மண் தெரிகிற தடம் ஒன்றைப் போட வேண்டும். தீ அங்கே வந்து தின்ன ஒன்றுமில்லாமல் நிற்கும். இந்த வேலையில் கால் போனால் ஆள் போன மாதிரி. அதனால் டெல்லின் குழுவில் ஒரு சட்டம் இருந்தது: புதுப் பூட்ஸோடு யாரும் மலையேறக் கூடாது. வசந்த காலத்திலேயே வாங்கி, பயிற்சி மேடுகளில் போட்டு நடந்து, தோல் காலுக்குப் படிந்த பிறகுதான் தீக்குப் போகலாம்.

மே மாதம் டாலிவர் என்பவன் புதிதாகச் சேர்ந்திருந்தான். முப்பதைத் தாண்டியவன், அதுவரை கூரை வேயும் வேலை பார்த்தவன். அந்த வருஷத் தீப் பருவத்தின் முதல் தீக்கு எல்லாரும் வண்டியேறும்போது டெல் அவன் காலைப் பார்த்தார். பூட்ஸ் பளபளவென்று இருந்தது.

"கடையிலேர்ந்து நேரா இங்கதான் வர்றியா?" என்று கேட்டார். வண்டியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். டாலிவர் மூட்டையைத் திரும்ப இறக்கினான். மற்றவர்கள் தீயில் நின்ற நாட்களில் அவன் குழுவின் நிலையத்தில் கோடரிகளுக்குச் சாணை பிடித்துக்கொண்டிருந்தான்.

இப்போது டெல்லிடமும் பெட்டி பிரிக்காத புதுப் பூட்ஸ்தான் இருந்தது. குளிர்காலத்திலேயே அவர் மனைவி வாங்கி வைத்தது. வீட்டுக்குள்ளாவது போட்டு நடங்கள் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். பழசு இன்னும் ஒரு பருவம் தாங்கும் என்று அவர் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். பெரிய பூட்ஸ் அது, முழங்காலுக்குப் பாதி தூரம் ஏறும். தோல் பலகை மாதிரி விறைப்பு. டெல் அதைக் காலில் மாட்டி, நிலையத்துக்குப் பின்னாலிருந்த குதிரைத் தண்ணித் தொட்டியில் இறங்கி நின்றார். ஊற வைத்து, காலிலேயே காயவிட்டு நடந்தால் தோல் சீக்கிரம் படியும் என்பது அந்தத் தொழிலில் பழைய வைத்தியம். குழுவினர் வேலி மேல் சாய்ந்து வேடிக்கை பார்த்தார்கள்.

"பாஸ், சோப்பு கொண்டு வரட்டுமா?" என்றான் ஒருவன்.

"முதல்ல உன் வாயைக் கழுவு, அதுக்கப்புறம் எனக்குக் கொண்டு வா," என்றார் டெல்.

ஒரு வாரம் கிடைத்திருந்தால் அந்த வைத்தியம் பலித்திருக்கலாம். மறுநாள் காலையிலேயே அழைப்பு வந்துவிட்டது. மழையில்லாத இடி சாமன் ஆற்றுக்கு மேலே ஒரு மலைமுகட்டில் தீ வைத்துவிட்டிருந்தது. குழுவின் இரண்டாம் தலைவி இனெஸ் எச்சவெரி. ஸ்பெயினிலிருந்து வந்து குடியேறிய பாஸ்க் ஆட்டுக்காரக் குடும்பத்துப் பெண். முதலுதவிப் பயிற்சியும் முடித்தவள். டெல் இல்லாமல் குழுவை நடத்த அவளுக்குத் தகுதி இருந்தது, அனுமதியும் இருந்தது. இந்த ஒரு தடவை நீங்கள் இங்கேயே இருங்கள், நான் கூட்டிப்போகிறேன் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். தோல் படிந்துவிட்டது என்று டெல் பொய் சொன்னார். அத்தனை வருஷத்தில் ஒரு தீயைக்கூட அவர் தவறவிட்டதில்லை. டாலிவர் பக்கத்தில்தான் இருந்தான். அவர் காலைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான், பிறகு வண்டியேறினான்.

முதல் ஏற்றத்திலேயே பூட்ஸ் கடிக்கத் தொடங்கியது. குதிகாலில் நகம் அகலத்துக்கு ஒரு சூடு. அப்படிச் சூடு தெரிந்த உடனே உட்கார்ந்து கழற்றிப் பிளாஸ்திரி ஒட்டிவிட வேண்டும் என்று ஒவ்வொரு வருஷமும் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர் அவர். முன்னால் நடப்பவர் உட்கார்ந்தால் மொத்த வரிசையும் நிற்கும், எல்லாரும் பார்ப்பார்கள். அவர் உட்காரவில்லை. முகட்டை எட்டியபோது சூடு எரிச்சலாகியிருந்தது. பொழுது சாய்வதற்குள் அந்த எரிச்சல் இரண்டு கால்களிலும் கொப்புளமாகத் திரண்டுவிட்டது.

சாப்பாட்டுக்குப் பிறகு இனெஸ் வழக்கம்போல ஒவ்வொருவர் காலையும் பார்த்தாள். டெல்லிடம் வந்தபோது அவர் வரைபடத்தை விரித்து வைத்திருந்தார். என் கால் நன்றாக இருக்கிறது, அவர்களைப் பார் என்றார். அவள் ஒரு நிமிஷம் நின்றாள், பிறகு நகர்ந்தாள். எல்லாரும் தூங்கப் போன பிறகு அவர் தூங்கும் பைக்குள் காலை வைத்துக்கொண்டு, தடவித் தடவியே கொப்புளத்தின் மேல் டேப் ஒட்டினார். வியர்வை ஈரத்தில் அது சரியாக ஒட்டவில்லை.

மறுநாள் நடையில் டேப் சுருண்டு, கொப்புளம் உடைந்து, தோல் உரிந்தது. சாக்ஸ் ரத்தத்தில் நனைந்து காய்ந்து விறைத்தது. குதிகாலைக் காப்பாற்ற டெல் பாதத்தின் வெளி ஓரத்தை ஊன்றி நடந்தார், முழங்கால் வலித்தது. ஏற்றத்தில் பக்கவாட்டாகத் திரும்பி ஏறினார். தடம் போடுகிற வேலையில் எல்லாரும் குனிந்தே இருப்பார்கள், தலைவரின் நடையை யார் கவனிப்பார்கள் என்று அவர் நினைத்தார். குனிந்து இருப்பவர்களின் கண்ணில் முதலில் படுவது கால்தான் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

மதியம் தண்ணீர் குடிக்கிற சாக்கில் டாலிவர் பக்கத்தில் வந்தான். தன் பையிலிருந்து ஒரு ஜோடி மெல்லிய சாக்ஸை எடுத்து அவர் மூட்டை மேல் வைத்தான்.

"உள்ள மெல்லிசா ஒண்ணு, மேல தடிமனா ஒண்ணு. உரசல் குறையும்," என்றான்.

"எனக்குத் தெரியும்."

"தெரியும்னு எனக்கும் தெரியும், பாஸ். அதான் வச்சிட்டுப் போறேன்."

டெல் அந்த சாக்ஸைத் தொடவில்லை. பூட்ஸைக் கழற்றினால் திரும்ப மாட்ட முடியாது என்ற பயம் அவருக்கு.

மூன்றாம் நாள் பிற்பகல் காற்று திரும்பியது. எதிர்முகட்டில் காவலுக்கு நின்றவன் ரேடியோவில் சொன்னான்: பள்ளத்தாக்கின் அடியில் தீ புதிதாகப் பிடித்திருக்கிறது, உங்கள் சரிவைப் பார்த்து ஏறுகிறது. டெல் உடனே வேலையை நிறுத்தச் சொன்னார். முந்தின நாள் எரிந்து முடிந்த கரிநிலம் ஒன்று மேற்கே இருந்தது. எரிந்த இடத்தில் மறுபடி எரிய ஒன்றுமில்லை. எல்லாரும் அங்கே போய்ச் சேர வேண்டும். இனெஸ் முன்னால், தலைவர் கடைசியில். குழு எப்போதும் அப்படித்தான் விலகும்.

வரிசை வேகமாக நகர்ந்தது. ஓடவில்லை, ஆனால் ஓட்டத்துக்குப் பக்கத்து நடை. டெல்லால் அந்த நடையைப் பிடிக்க முடியவில்லை. ஒவ்வொரு அடியிலும் குதிகாலில் கத்தி இறங்கியது. முன்னால் போகிறவனின் மஞ்சள் சட்டைக்கும் அவருக்கும் இடைவெளி கூடிக்கொண்டே போயிற்று. கீழே தீயின் இரைச்சல் ரயில் வருகிற மாதிரிக் கேட்டது. ஒரு வளைவில் திரும்பியபோது டாலிவர் நின்றுகொண்டிருந்தான். அவனுக்குச் சற்று மேலே இனெஸும் நின்றிருந்தாள். வரிசையை இன்னொருவனிடம் விட்டுவிட்டுத் திரும்பி இறங்கி வந்திருந்தாள்.

அவர்களைப் போகச் சொல்லி டெல் கையை வீசினார். அவர்கள் போகவில்லை.

"போங்கன்னு சொன்னேன்," என்றார் கிட்டே வந்ததும். "நான் பின்னாடியே வர்றேன்."

"நீங்க வரமாட்டீங்க," என்றாள் இனெஸ். "எப்பலேர்ந்து?"

டெல் கீழே தீயின் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"டெல், கால் எப்பலேர்ந்து இப்படி?"

தன் வலியைப் பற்றி அவருக்குக் கவலை இருக்கவில்லை. அவருக்காக இரண்டு பேர் தீக்கு மேலே நின்றுகொண்டிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் அவருக்கு முழுசாக உறைத்தது.

"முத நாள்லேர்ந்து," என்றார். "என்னால முடியல. இனிமே குழு உன்னோடது." ரேடியோவைக் கழற்றி அவளிடம் கொடுத்தார்.

அவள் வாங்கிக்கொண்டாள். கோபப்பட நேரமில்லை என்பது போல உடனே அதில் பேச ஆரம்பித்தாள். காவல்காரனிடம் தீ எவ்வளவு தூரத்தில் என்று கேட்டாள், முன்னால் போனவர்களிடம் நிற்காமல் போகச் சொன்னாள். டாலிவர் டெல்லின் மூட்டையைத் தன் மூட்டைக்கு மேல் ஏற்றிக்கொண்டான். சுமை போனதும் நடை கொஞ்சம் கூடியது. இனெஸ் அவர் முழங்கையைப் பிடித்து, நடக்கப் பழகுகிற பிள்ளையைக் கூட்டிப்போகிற மாதிரி இழுத்துக்கொண்டு போனாள். மூவரும் கடைசியாகக் கரிநிலத்துக்குள் வந்து சேர்ந்தார்கள்.

தீ அந்த உயரத்துக்கு வரவே இல்லை. பாதிச் சரிவு ஏறியதும் காற்று மறுபடி மாறி, தீ ஆற்றுப் பக்கமாக இறங்கிப் போய்விட்டது. அவர்கள் இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் அது அப்போது யாருக்கும் தெரியாது.

இனெஸ் ஒரு கருகிய கட்டை மேல் டெல்லை உட்கார வைத்து, எல்லார் முன்னாலும் பூட்ஸைக் கழற்றினாள். சாக்ஸை உரிக்க முடியவில்லை. தண்ணீர் ஊற்றி ஊறவைத்துத்தான் எடுத்தாள். அதோடு தோலும் வந்தது. குதிகால் பச்சை இறைச்சியாக இருந்தது. ஒரு பக்கம் சீழ் கட்டியிருந்தது. யாரும் சிரிக்கவில்லை. ஒன்றிரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

தண்ணீர்க் குப்பியைப் பிடித்துக்கொண்டிருந்த டாலிவரைப் பார்த்து டெல் சொன்னார்: "மே மாசம் உன்னை வண்டியிலேர்ந்து இறக்கிவிட்டேன்."

"ஆமா."

"சொல்றதுக்கு உனக்கு ஒண்ணும் இல்லையா?"

டாலிவர் யோசித்தான். "அன்னிக்கு உங்களை நல்லாத் திட்டினேன். சாணைக்கல்லுகிட்டயே திட்டித் தீர்த்தாச்சு. இப்போ மிச்சம் ஒண்ணும் இல்ல, பாஸ்."

இனெஸ் கட்டுப் போட்டுக்கொண்டே, இன்று மாலையே ஹெலிகாப்டரில் கீழே இறங்குகிறீர்கள், எப்போது திரும்பி வரலாம் என்பதை மருத்துவர் சொல்லட்டும் என்றாள். அவள் குரலில் கேள்வி இல்லை. டெல் சரி என்றார்.

கீழே முகாமில் அவருக்கு ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து, நடக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். யாரோ ஒரு ஜோடி நீல ரப்பர் செருப்பு கொடுத்தார்கள். மற்றக் குழுக்காரர்கள் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது அந்தச் செருப்பையும் காலில் இருந்த கட்டுகளையும் பார்த்துவிட்டு, யார் என்று தெரிந்ததும் பேசாமல் நகர்ந்தார்கள். தெரியாதவர்கள் முதல் வருஷமா என்று கேட்டார்கள். ஆமாம் என்று டெல் சொல்லிவைத்தார். கருவிகளை எண்ணி வாங்கி வைக்கிற கூடாரத்தில் அவருக்கு ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள்.

இனெஸ் குழுவோடு மலை மேல்தான் இருந்தாள். ரேடியோவில் அவள் குரல் காலையிலும் மாலையிலும் வந்தது. அவர் போட்டுவைத்த தடத்தை அவள் பாதியில் கைவிட்டுவிட்டு, இன்னும் கிழக்கே ஒரு பாறை வரிசையை ஒட்டிப் புதிதாகப் போட்டாள். முதலில் டெல்லுக்கு அது பிடிக்கவில்லை. வரைபடத்தை மடியில் விரித்து வெகுநேரம் பார்த்தார். பாறை பாதி வேலையைச் செய்துவிடும் என்பது புரிந்தது. தானும் அங்கேதான் போட்டிருக்க வேண்டும். மேலே இருந்தபோது கால் வலிக்காமல் இருந்திருந்தால் அதுவரை நடந்து போய்ப் பார்த்திருப்பேன் என்று தோன்றியது.

குழு இறங்கி வந்த அன்று எல்லாரும் கரிமுகத்தோடு கருவிக் கூடாரத்துக்கு நேராக வந்தார்கள். டெல் ஒவ்வொரு கோடரியாக வாங்கி அடுக்கினார். கடைசியாக இனெஸ் வந்து ரேடியோவை நீட்டினாள்.

"இந்தப் பருவம் முடியற வரைக்கும் நீயே வச்சுக்கோ," என்றார் அவர்.

அவள் அவர் காலைப் பார்த்தாள். "கால் ஆறிடுமே."

"ஆறிடும். ஆறினதும் வர்றேன். உனக்குக் கீழ."

இனெஸ் ரேடியோவைத் திரும்ப இடுப்பில் மாட்டிக்கொண்டாள். அப்புறம் பெஞ்சில் உட்கார்ந்து, மேலே நடந்ததையெல்லாம் அவரிடம் ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள். அவர் இடையில் ஒன்றும் கேட்கவில்லை.