யானையைக் காவலில்லாமல் விடுகிறவன்

கரூர், ஈரோடு பக்கமெல்லாம் செஸ் ஆட்டத்தை மென்பொருளில் போட்டுப் பார்த்தால், அது சிவப்பில் காட்டும் தவறு சற்று நேரத்தில் ஓர் ஆளாக வீட்டுக்கே வந்து காலிங் பெல்லை அடிக்கும். நாம் திருத்திக்கொள்ளும்வரை நம்மோடுதான் தங்கும். சாப்பாடும் நம் பொறுப்பு.

இதில் நான் கெட்டிக்காரன். எதிர் ஃபிளாட் சிவஞானம், சரியான நகர்த்தல் எது என்று மட்டும் பார்த்துவிட்டு லேப்டாப்பை மூடிவிடுவார். அப்படிச் செய்தால் வந்த தவறு ஒன்றும் வீட்டை விட்டுக் கிளம்பாது. அவர் வீட்டு ஹாலில் கால் வைக்க இடமில்லை. நானோ வந்தவனை எதிரே உட்காரவைத்து, அந்த நேரத்தில் எனக்கு ஏன் அப்படித் தோன்றியது என்று கண்டுபிடிப்பேன். கண்டுபிடித்ததும் அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவான். ராணியை அவசரப்பட்டு வெளியே இழுக்கிறவன் ஒரே நாளில் போனான். கண்ணில் பட்ட சிப்பாயையெல்லாம் வெட்டுகிறவன் என் பங்கு தோசையையும் தின்றுவிட்டுப் போனான். சனியன் தொலைந்தது என்று கதவைச் சாத்தினேன்.

கடைசியில் மிஞ்சியவன், குதிரையைத் துரத்திக்கொண்டு போய் மூலையில் யானையைக் காவலில்லாமல் விடுகிறவன். என் மனைவி மங்கையர்க்கரசிக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. வெங்காயம் நறுக்கித் தருவான். அவள் பேசினால் நிமிர்ந்து பார்த்துக் கேட்பான்.

“இவன் மட்டும் இருந்துட்டுப் போகட்டுமேங்க” என்றாள்.

“ஞாயித்துக்கிழமை மாநில அணித் தேர்வு. இவன் இருந்தா நான் தோத்துருவேன்.”

“தோத்தா என்னங்க, வீட்டுக்குத்தான வரப் போறீங்க?”

சனிக்கிழமை அவனை எதிரே உட்காரவைத்தேன். அதிக நேரம் ஆகவில்லை. ஒன்று எங்கேயும் போகாது என்று நினைத்துவிட்டால், அதை நான் திரும்பிப் பார்ப்பதில்லை. அவ்வளவுதான் விஷயம். அவன் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினான். மங்கையர்க்கரசி சமையலறையில் நின்று அழுதாள். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் நன்றாகத் தூங்கினேன்.

தேர்வில் ஈரோடு பாலதண்டாயுதத்தைச் சுலபமாக ஜெயித்தேன். மாலையில் அவர் ஃபோன் செய்தார்.

“என் ஆட்டத்தைப் போட்டுப் பார்த்தனுங்க. நகர்த்துனதுல ஒரு தப்பும் இல்லையாம். உங்க எதிர்ல வந்து உக்காந்ததுதான் தப்பாம். உங்க பேரு செவப்புல வந்துருக்குது.”

“அடுத்த பஸ்ல வர்றேன்” என்றேன்.

மங்கையர்க்கரசி துணிகளை மடித்துப் பையில் வைத்தாள்.

பாலதண்டாயுதம் நல்ல மனிதர். வேளாவேளைக்குச் சோறு போடுகிறார். என் எதிரே ஏன் உட்கார்ந்தோம் என்பதுதான் அவருக்கு இன்னும் பிடிபடவில்லை. எனக்கு வீட்டு ஞாபகமாகவே இருக்கிறது.

மங்கையர்க்கரசி இப்போது செஸ் கற்றுக்கொண்டுவிட்டாள். தினமும் யாரோடாவது ஆடித் தோற்று, அந்த ஆட்டத்தை மென்பொருளில் போட்டு, என் பெயர் சிவப்பில் வருகிறதா என்று பார்க்கிறாள். வந்துவிட்டால் நான் அவளிடம் போய்விடலாம். இதுவரை வரவில்லை. ஆனால் எனக்கு நம்பிக்கை இருக்கிறது. அவள் நன்றாகத் தோற்கிறாள்.