வெறும் கெப்

இலங்கைத்துறையில் அருளம்பலத்தின் கெப்பைப் பற்றி அபிப்பிராயம் சொல்லாத ஆள் இல்லை. அருளம்பலத்துக்கு வேண்டியிருந்ததோ ஒருத்தியின் அபிப்பிராயம் மட்டும்தான். அவள் வாயே திறக்கவில்லை.

அவர் மீன் வியாபாரி. கரைவலைக்காரரிடம் மீன் எடுத்து, ஐஸ் போட்டு, பெட்டி பெட்டியாக அடுக்கித் திருகோணமலைச் சந்தைக்குக் கொண்டுபோகிறவர். அதற்குத்தான், முன்னுக்கு இரண்டு வரிசைச் சீட்டும் பின்னுக்குத் திறந்த பெட்டியும் உள்ள அந்த டபள் கெப் வண்டியை வாங்கினார். மனைவி புஷ்பவதிக்குச் சிறுநீரகம் பழுதாகி, கிழமைக்கு இரண்டு தரம் நகரத்து ஆஸ்பத்திரியில் மெசினில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும் என்று ஆனபிறகு, அதே கெப்தான் அவளையும் ஏற்றிப் போனது. உள்ளே பின்னுக்கு நீளமான சீட் ஒன்று உண்டு. போகும்போதும் வரும்போதும் அதில் சரிந்து படுத்துக்கொள்வாள்.

போன மாரியில் வினை வந்தது. ஊரிலிருந்து பெரிய ரோட்டுக்கு ஏறுகிற பாதையை வெள்ளம் மூடிவிட்டது. இயந்திரத்துக்குள் தண்ணீர் போய், கெப் நடுவழியில் நின்றது. ஒரு ஆஸ்பத்திரித் தவணை தவறியது. புஷ்பவதிக்குக் காலும் முகமும் வீங்கி, மூச்சு எடுக்க ஏலாமல் போய், சுவரில் சாய்ந்து இருந்தபடி அவரையே பார்த்தாள். கடைசியில் தோணியில் ஏற்றித்தான் காப்பாற்றினார்கள். அந்தப் பார்வையை அருளம்பலம் சாகும்வரை மறக்கமாட்டார். அடுத்த மாரியில் இந்த வண்டி தண்ணீரைக் கண்டு நிற்கக் கூடாது என்று அன்றைக்கே முடிவெடுத்தார்.

மூதூரில் கராஜ் வைத்திருக்கிற றுமைஸிடம் போனார். வண்டியை உயர்த்துகிற வேலை என்றால் றுமைஸ் சோறு தண்ணீரையும் மறந்துவிடுவான். இப்படி இரண்டு பேர் சேர்ந்தால் கேட்கவும் வேண்டுமா? இயந்திரம் காற்று இழுக்கிற குழாயைக் கூரை மட்டத்துக்கு ஏற்றினார்கள். சில்லு சுற்றுகிற அச்சுப் பெட்டிக்குள் வெள்ளம் புகாமல் அதன் காற்றுத் துளைக்கு நீட்டு ரப்பர் குழாய் பூட்டினார்கள். நாலு சில்லையும் இழுக்க வைக்கிற கியர் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. அதைக் கழற்றிக் கழுவிக் கிறீஸ் பூசினார்கள். சேற்றைக் கடித்துப் பிடிக்கிற டயர் போட்டார்கள். முன்பக்கத்தை உயர்த்தி முடித்துப் பின்பக்கத்துக்கு வந்தபோது றுமைஸ் கேட்டான்.

"பின்னுக்கு என்ன பாரம் வரும் அண்ணன்?"

அருளம்பலம் யோசிக்கவே இல்லை. "சூடை மீன் பட்டால் முப்பது பெட்டி ஏத்துவன். ஐஸ் வேற. வில்லு படியக் கூடாது தம்பி."

மீன்காரனிடம் கேட்டால் மீன்காரன் மறுமொழிதான் வரும். றுமைஸ் பாரம் தாங்குகிற ஸ்பிரிங்கான பின்வில்லுக்கு இரண்டு இரும்புத் தகடு கூடப் போட்டான். டயருக்கும் மீன் பாரத்துக்கு அடிக்கிற மாதிரியே கல்லுப்போலக் காற்று அடித்தான். கெப் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது. மாரியில் கரைவலை இல்லை, மீன் இல்லை, பின்பெட்டி வெறுமையாகத்தான் ஓடப்போகிறது, உள்ளே படுத்து வரப்போவது இளைத்துப்போன ஒரு பெண் என்பது அந்த இரண்டு மண்டைகளில் ஒன்றிலும் ஏறவில்லை.

மழை தொடங்கியது. பாதையில் தண்ணீர் கட்டியது. அருளம்பலம் மீன் பெட்டியொன்றைக் கவிழ்த்துப் படியாக வைத்து மனைவியை ஏற்றினார். கெப் வெள்ளத்துக்குள் இறங்கி, ஒரு தும்மல்கூட இல்லாமல் அந்தப் பக்கம் ஏறியது. அவருக்குத் தலைகால் தெரியவில்லை.

"பார்த்தியே புஷ்பம், தண்ணி கதவைத் தொட்டுது. எஞ்சினுக்கு ஒண்டும் இல்லை."

"ஓம்" என்றாள் அவள்.

சில நாள் கழித்து, உள்ளே பின்சீட்டுக் கதவுக்கு மேலே உள்ள கைப்பிடியில் ஒரு மஞ்சள் துணி முடிந்திருப்பதைக் கண்டார். அவளுடைய பழைய சீலைக் கிழிசல். சல்லி ஊர் முத்துமாரியம்மனுக்கு நேர்ந்து கட்டியிருக்கிறாள் என்று நினைத்தார். நேர்ச்சையை ஏன் எதற்கு என்று கேட்கக் கூடாது என்பது அவர் வீட்டு வழக்கம். அவரும் கேட்கவில்லை. காலையில் வண்டியை எடுக்கும்போது அந்த முடிச்சைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார், அவ்வளவுதான்.

பிறகு ஒரு விடியலில் புஷ்பவதி பாயை விட்டு எழும்பவில்லை.

"நான் வரேல்ல. என்னை விடுங்கோ."

"விட்டால் என்ன நடக்கும் எண்டு தெரியுந்தானே?"

"தெரியும்."

கெஞ்சினார். சத்தம் போட்டார். பிறகு சத்தம் போட்டதற்காகவும் கெஞ்சினார். அன்றைக்கு ஒருவழியாக எழுந்து வந்தாள். திரும்பி வந்து இறங்கும்போது, கதவைப் பிடித்தபடி நிதானமாகச் சொன்னாள். "அடுத்த முறை கூப்பிடாதேங்கோ. எனக்கு ஏலாது."

அவள் மனம் விட்டுப்போனாள் என்று அருளம்பலம் நினைத்தார். மனிசியைத் திருத்த வழி தெரியாத ஆம்பிளை வண்டியைத் திருத்தப் போவான். பின்னுக்கு ஏதோ தட்டுகிற சத்தம் கேட்டதைச் சாட்டாக வைத்துக்கொண்டு, அடுத்த நாளே மூதூருக்குப் போனார்.

"நான் ஓட்டுறன் அண்ணன்" என்றான் றுமைஸ். "நீங்க பின்சீட்டில படுத்து, காதைச் சீட்டோட வெச்சுக் கேளுங்க. எந்தப் பக்கம் தட்டுது எண்டு அப்பதான் பிடிபடும்."

அருளம்பலம் தன் வண்டியில் தான் ஓட்டாமல் ஏறியது அதுதான் முதல் தரம். காலை மடக்கிக்கொண்டு படுத்தார். குண்டும் குழியுமான ரோட்டின் முதல் கிடங்கில் பல் நாக்கைக் கடித்தது. அடுத்த கிடங்கில் உடம்பு முழுவதும் மேலே எழும்பித் தொப்பென்று விழுந்தது. குடல் வாய்க்கு வந்தது. எதையாவது பிடிப்போம் என்று கையை வீசினார். கைக்கு அகப்பட்டது அந்த மஞ்சள் துணி. சரியாகப் பிடிக்கிற உயரத்தில் அது தொங்கியது. கைபட்டுக் கைபட்டு முறுகிக் கிடந்தது. இன்னொரு கிடங்கு வந்தது. அவர் துணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அம்மனுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஊசி குத்திய கை ஒருபக்கம் வலிக்க, மற்றக் கையால் இதைப் பிடித்துக்கொண்டுதான் அவள் இவ்வளவு நாளும் போய்வந்திருக்கிறாள். இவர் முன்னுக்கு இருந்து, தண்ணி கதவைத் தொட்டதைப் பற்றிப் பெருமை அடித்திருக்கிறார்.

"நிப்பாட்டு தம்பி."

றுமைஸ் நிறுத்தித் திரும்பிப் பார்த்தான். "எந்தப் பக்கம் அண்ணன் தட்டுது?"

அருளம்பலம் அழுதுகொண்டிருந்தார். றுமைஸ் இறங்கிப் பின்கதவைத் திறந்தான். பிறகு அவர் சொல்லச் சொல்ல, அவன் முகமும் கறுத்துப்போனது. "பாரம் என்ன எண்டு கேட்டன். ஆர் வருவாங்க எண்டு கேக்கல்லையே" என்றான். தட்டின சத்தம் ஒரு தேய்ந்த ரப்பர்தான். அதை மாற்றினான். டயரில் இருந்து கொஞ்சம் காற்றைத் திறந்துவிட்டான்.

"அந்த ரெண்டு தகட்டையும் கழட்டிவிடன்" என்றார் அருளம்பலம்.

"கழட்டினா பின்பக்கம் நாலு விரல் இறங்கும். வெள்ளம் இன்னும் ஏறப்போகுது. நடுவழியில நிண்டீங்க எண்டா?" அவன் பின்பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றான். "இந்த வில்லுக்குப் பாரம் வேணும் அண்ணன். பாரம் இரிந்தா இது குதிக்காது. கொஞ்சம் பதியும்தான், ஆனா ஓடுற தண்ணி வாலை இழுக்கவும் மாட்டாது."

வீட்டுக்கு வந்ததும் நேரே குசினிக்குப் போனார். புஷ்பவதி அடுப்புக்கு முன்னால் பலகையில் இருந்தாள்.

"நான் இண்டைக்கு உன்ர சீட்டில படுத்து வந்தனான்" என்றார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏன் புஷ்பம் சொல்லேல்ல?"

"ஊரைக் கூட்டிக் கூட்டிக் காட்டினீங்கள். எனக்காண்டிச் செய்த வேலை." அடுப்பு விறகைத் தள்ளினாள். "என்னெண்டு சொல்லுறது?"

"இன்னும் ஒருக்கா வந்து பார். குதிச்சால் பிறகு கேக்க மாட்டன்."

அவள் அடுப்பை ஊதத் தொடங்கினாள். ஆனால் தவணை நாளில் சீலை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

அன்றைக்கு வெள்ளம் முன்னெப்போதையும்விட ஏறியிருந்தது. பஸ் வரவில்லை. சந்தியில் குடையும் பையுமாகக் கொஞ்சம் சனம் நின்றது. அருளம்பலம் கெப்பை நிறுத்தி, பின்பெட்டிக்கு மேல் மழைக்குக் கட்டியிருந்த தறப்பாளை விலக்கிக் காட்டினார். ஊருக்கு முன்னால் அந்தக் கெப்பைக் குறை சொல்ல அவருக்கு வாய் கூசியது. சொன்னார்.

"பெட்டி வெறுமையாப் போனால் இது பாயுது. அவளுக்கு ஏலாது. டவுனுக்குப் போறவை ஏறுங்கோ. போகத் தேவை இல்லாதவையும் ஏறுங்கோ."

ஒரு நிமிசம் எல்லோரும் புஷ்பவதியைப் பார்த்தார்கள். பிறகு கிளினிக்குக்குப் போகிற பெண்கள் ஏறினார்கள். கூட்டுறவுச் சங்கக் கடைக்காரர் ஏறினார். கடைசியாகப் பாக்கியரத்தினம் வந்தார். ஊரிலேயே பெரிய உடம்பு அவருடையது. மாரி முடியுமட்டும் டவுனுக்குப் பக்கத்து உப்புவெளியில் மகள் வீட்டில் நிற்கப்போகிறேன் என்று பெரிய பையும் கொண்டுவந்திருந்தார். அவர் கால் வைத்ததும் கெப் பதிந்தது.

"பாக்கியம் அண்ணர் தனிய மூண்டு பெட்டி சூடை" என்று உள்ளே யாரோ சொன்னார்கள். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

கெப் தண்ணீருக்குள் இறங்கியது. நீரோட்டம் பக்கத்தில் தள்ளியும் வால் அசையவில்லை. ரோட்டில் ஏறியதும் முதல் கிடங்கு வந்தது. கெப் குதிக்கவில்லை. பதிந்து, எழும்பி, போனது. அடுத்த கிடங்கிலும் அப்படித்தான். மூதூர் தாண்டியபின் கண்ணாடியில் பார்த்தார். மஞ்சள் துணி சும்மா ஆடிக்கொண்டிருந்தது. புஷ்பவதி வாயைத் திறந்தபடி நித்திரை.

ஆஸ்பத்திரியில் காத்திருந்த நேரம் முழுவதும் அவருக்குத் திரும்பிப் போகிற யோசனைதான். மெசினை விட்டு இறங்கிய உடம்புக்குத்தான் குலுக்கம் பொறுக்காது. சனம் அலுவல் முடிந்து அங்கங்கே சிதறியிருக்கும். பாரத்தில் பாதியாவது பாக்கியரத்தினம்; அவர் இந்நேரம் மகள் வீட்டில் காலை நீட்டிப் படுத்திருப்பார். மணல் மூட்டை எங்கே கிடைக்கும் என்று காவலாளியிடம்கூட விசாரித்துப் பார்த்தார்.

மனைவியைத் தாங்கிக்கொண்டு வெளியே வந்தார். மழை தூறியது. கெப்பின் தறப்பாளுக்குக் கீழே எல்லோரும் இருந்தார்கள். சங்கக் கடைக்காரரின் அரிசி மூட்டை இரண்டும் ஏறியிருந்தது. நடுவில், பெரிய பையை மடியில் வைத்துக்கொண்டு, பாக்கியரத்தினம்.

"மகளிட்ட நிக்கிறதெண்டுதானே வந்தனீங்கள் அண்ணர்?"

"பார்த்திட்டன். தேத்தண்ணியும் குடிச்சிட்டன்." அவர் கொஞ்சம் தள்ளி, சரியாகச் சில்லுக்கு மேலே அமர்ந்துகொண்டார். "நான் அங்க நிண்டால் இங்க என்னத்தை ஏத்துவாய்?"

அருளம்பலம் கெப்பின் கதவைத் திறந்தார். மீன் பெட்டியை எடுத்துக் கவிழ்த்து வைத்தார். புஷ்பவதி அதில் ஒரு காலை வைத்தாள். ஏறாமல் நின்று பின்பெட்டிப் பக்கம் திரும்பினாள்.

"வியாழக்கிழமையும் வருவீங்களோ அண்ணே?"

"வராமல்?" என்றார் பாக்கியரத்தினம்.

அவள் ஏறிப் படுத்துக்கொள்ளும்வரை அருளம்பலம் கதவைப் பிடித்துக்கொண்டு மழையில் நின்றார்.