மீதி வைத்த கசகசா ரொட்டி

நோன்பு மாதம் முடிந்த வாரத்தில் என் எலிகளின் இதயச் செல்கள் திடீரென்று ஒழுங்காக நடந்துகொள்ள ஆரம்பித்தன. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

எலியின் பெருந்தமனியில் ஒரு நூல் முடிச்சு போட்டால் நாலு வாரத்தில் இதயம் பெருத்துவிடும். அதிலிருந்து செல்களைப் பிரித்து, மார்ஃபின் வகை மருந்தை ஒரு சொட்டு விட்டு, நுண்ணோக்கியில் துடிப்பைப் பார்ப்பது என் வேலை. அந்த மருந்தைப் பிடித்துக்கொள்ள செல்லின் மேல் ஏற்பிகள் உண்டு. ஒப்பிட்டுப் பார்க்க மார்பைத் திறந்து சும்மா மூடிய எலிகளின் செல்கள் மருந்து பட்டதும் துடிப்பைத் தணித்துக்கொள்ளும். பெருத்தவை சட்டையே செய்யாது. ‘பெருத்த செல்லில் ஏற்பிகள் சேதியை உள்ளே கடத்துவதில்லை’ என்று ஏழு வருட உழைப்பை நூற்றிருபது பக்கத்தில் எழுதி, பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வுக்கும் நாள் குறித்தாகிவிட்டது. இன்னும் பதினோரு நாள்.

ஒப்புக்குக் கடைசியாக ஒரு தொகுதி செய்தேன். நோன்பு மாதத் தொடக்கத்தில் முடிச்சு போட்ட மூன்று எலிகள்; மற்ற வருடங்களில் அந்த மாதம் எலி வேலையே வைத்துக்கொண்டதில்லை. மூன்றின் செல்களும் நல்ல பிள்ளைகளாகத் தணிந்தன.

மருந்தை மாற்றினேன். தண்ணீரை மாற்றினேன். நுண்ணோக்கியைத் திட்டினேன். கடைசியில் பேராசிரியை ரஹியா மம்பெதோவ்னாவிடம் போய் நின்றேன்.

“அந்த மூணையும் தூக்கிப் போடு பெர்மெத். பழைய கணக்கே போதும்” என்றார், தலையைக்கூட நிமிர்த்தாமல்.

“எப்படிப் போடறது மேடம்? எதனாலன்னு கேட்டா என்ன சொல்ல?”

“யாரு கேக்கப்போறா? நீயே கேட்டுக்காம இருந்தா போதும்.”

எரிச்சலில் விலங்கறைக்குப் போனேன். அதைப் பார்த்துக்கொள்ளும் ஜோல்தோஷ் அண்ணன் கூண்டு கழுவிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, நோன்பு மாசத்துல எலிங்களுக்கு என்ன மாத்திக் குடுத்தீங்க?”

“ஒண்ணும் மாத்தலையே. ரொட்டிதான் இல்ல. நீங்கதான் நாலு மணி டீயையே நிறுத்திட்டீங்களே.”

“என்ன ரொட்டி?”

“நீ மீதி வைக்கிறதுதான் தங்கச்சி. கசகசா ரொட்டி.”

பேராசிரியைக்குக் கசகசா ரொட்டி என்றால் உயிர். தினமும் நாலு மணி டீக்கு வாங்கி வந்து எல்லோர் முன்னும் வைப்பார். எனக்கோ அது பல்லிடுக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும், பிடிக்காது. ஆனால் முன்னால் வைத்த ரொட்டியை வாயில் வைக்காமல் எழுந்து போக எங்கள் ஊரில் யாருக்கும் மனசு வராது. ஒரு கடி கடித்துவிட்டு வைத்துவிடுவேன். ரொட்டியைக் குப்பையில் போடவும் யாருக்கும் கை வராது. மிருகத்துக்குப் போடலாம், பாவமில்லை.

“எல்லா எலிக்குமா போட்டீங்க?”

“சும்மா திறந்து மூடினதுங்க ரெண்டே நாள்ல கடகடன்னு தீனி தின்னும். முடிச்சு போட்டது மூலையில சுருண்டு கிடக்கும். பாத்தா வயித்தெரிச்சலா இருக்கும். மெத்துனு இருக்கே, அதுங்களுக்கு மட்டும் பிச்சுப் போடுவேன். சாப்பிட்டுட்டு நிம்மதியாத் தூங்கும், பாவம்.”

தூங்காமல் என்ன செய்யும்? கசகசா அபின் செடியின் விதை. சரியாகக் கழுவாத விதையில் மார்ஃபின் ஒட்டிக்கொண்டிருக்கும். கையளவு உடம்புக்குத் தினமும் அது போனால், ஏற்பிகள் தின்று சலித்துப்போய், என் ஒரு சொட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காது. செல் பெருத்ததற்கும் அது மருந்தைச் சட்டை செய்யாததற்கும் சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம்.

அவரைத் திட்ட வாயைத் திறந்தேன். எதைச் சொல்லித் திட்டுவது? ஏழு வருடமாக அந்தப் பாதி ரொட்டியை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போனவள் நான். அது எங்கே போகிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

பேராசிரியையிடம் சொன்னதும் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“ரொட்டி தின்ன எலியால ஏழு வருஷம் போச்சுன்னு தேர்வுச் சபைக்கு முன்னாடி சொல்லப்போறியா? சிரிப்பாங்கடி!”

“சிரிக்கட்டும் மேடம். தேர்வைத் தள்ளிவைங்க. ரொட்டி இல்லாம எல்லாத்தையும் மொதல்லேருந்து செய்யணும்.”

“இன்னும் ரெண்டு வருஷம் ஆகும். உனக்கு நாப்பதாயிடும்.”

“தெரியும்” என்றேன்.

அன்று நாலு மணிக்குப் பேராசிரியை ரொட்டித் தட்டை மேசையில் வைத்தார். ஒரு கடி கடித்து, வழக்கம்போல் கீழே வைத்தேன். ஜோல்தோஷ் அண்ணன் வாசலில் தயங்கி நின்றார்.

“இனிமே எலிக்குப் போடக் கூடாதுல்ல தங்கச்சி? அப்ப மீதிய என்ன செய்ய?”

மீதியை நானே எடுத்தேன். கசகசா பல்லிடுக்கில் போய் உட்கார, கடைசித் துணுக்கு வரை தின்றேன்.